இடுப்பு, தூளி, கேரியர்: மதுரையில் கைப்பிள்ளையைச் சுமப்பது

மதுரையில் கைப்பிள்ளையோடு வெளியே கிளம்பும் குடும்பத்துக்குத் தள்ளுவண்டியால் பெரிய பயன் இல்லை. மாசி வீதிகளின் ஓரத்தைக் கடைச் சரக்கும் நிறுத்திவைத்த பைக்குகளும் பிடித்துக்கொள்கின்றன. கோயிலுக்குள் போனால் வாசற்படி, தூண், கூட்டம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் மாறுகிறவள் வண்டியை மடக்குவாளா, பையைத் தூக்குவாளா, பிள்ளையைப் பிடிப்பாளா? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு, பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் அம்மா வீட்டுக்கும் கைப்பிள்ளையோடு வந்துபோவது எளிதாகியிருக்கிறது. உட்கார இடம் கிடைக்காத பஸ்ஸில் மட்டும் பழைய சங்கடம்தான்: ஒரு கை மேல்கம்பியில், ஒரு கை பிள்ளையைச் சுற்றி, தோள்பை நழுவினால் இழுத்துவிடக் கை இல்லை.

இந்த இடத்தில்தான் பேபி கேரியர் வருகிறது. சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை, பட்டை வைத்தது, வளையம் வைத்தது, இடுப்பில் திண்டு வைத்தது என்று வகை வகையாகக் கிடைக்கிறது. பெரியவர்கள் பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை; பிள்ளைக்கு மூச்சு முட்டும், கால் வளையும் என்கிறார்கள். இளையவர்கள் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பெரியவர்களின் கவலையில் நியாயம் உண்டு, இளையவர்களின் தேவையும் உண்மை. இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: கேரியரை அளக்கும் கோல் நம் பெண்களின் இடுப்பிலேயே இருக்கிறது.

இடுப்பில் பிள்ளையை வைக்கும் நிலையைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளை நிமிர்ந்து இருக்கிறது. கால்கள் இரண்டும் தாயின் இடுப்பை முன்னும் பின்னும் கவ்வி அகன்றிருக்கின்றன. முழங்கால் புட்டத்தைவிடச் சற்றே மேலே. முகம் திறந்து, தாயின் கண்ணுக்கு எட்டும் இடத்தில். அவள் கை முதுகைச் சுற்றி அணைத்திருக்கிறது. எலும்பு மருத்துவர்கள் குழந்தையின் தொடை எலும்பின் தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சரியாக அமர்ந்து வளர விரும்பும் நிலையும் இதுவே. பிறந்த சில மாதங்களுக்கு அந்தக் கிண்ணம் பெரும்பாலும் குருத்தெலும்பு. தொடையை நீட்டி இறுக்கிக் கட்டினால் மூட்டு விலகும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தையைப் பலகையோடு சேர்த்துக் கால் நீட்டிக் கட்டி வளர்த்த வட அமெரிக்கப் பழங்குடிகளிடம் இடுப்பு மூட்டு விலகல் மிகுதியாக இருந்தது. ஜப்பானில் 1970களில் கால்களை நீட்டிச் சுற்றாதீர்கள் என்று தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. பிள்ளையை முதுகில், காலை அகட்டிக் கட்டிச் சுமக்கும் மலாவி நாட்டில் இந்தக் கோளாறு மிக அரிது என்று 2015இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. ஆக, கால் வளையும் என்ற பயத்துக்கு இடமில்லை. கால் அகன்றிருப்பதுதான் நல்லது.

இடுப்பின் குறை சுமக்கிறவளுக்கு. எப்போதும் ஒரே பக்கம் இடுப்பைத் தள்ளி நிற்பதால் கீழ்முதுகு வலிக்கிறது, தோள் ஒரு பக்கம் இறங்குகிறது, ஒரு கை நாள் முழுக்கப் போய்விடுகிறது. ஒரு வயதுப் பிள்ளை ஒன்பது கிலோவைத் தொடும். அதைச் சுமந்துகொண்டே தண்ணீர் பிடித்து, கூட்டிப் பெருக்கி, கடைக்குப் போகிறவள் வலியைச் சொல்வதுகூட இல்லை. நல்ல கேரியர் என்பது பிள்ளையின் நிலையை இடுப்பில் இருந்தபடியே வைத்து, பாரத்தை மட்டும் அவளுடைய இரு தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் பிரித்துக் கொடுப்பது.

தூளி இதிலிருந்து முற்றிலும் வேறு. அது தூங்க வைப்பதற்கு. வீட்டு உத்தரத்தில் கட்டினாலும், களையெடுக்கும் வயலின் வரப்போர வேப்பமரத்தில் கட்டினாலும், அது ஓரிடத்தில் தொங்குவது, பக்கத்தில் ஒரு கண் இருப்பது. அந்தக் கண்ணைச் சட்டமும் மதித்தது: 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்துக்குத் தாய்மாரோடு வரும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளவே ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றது. தூளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும் சந்தர்ப்பமும் நம்மிடம் உண்டு. பிள்ளைவரம் கேட்டுப் பெற்றவர்கள் மாரியம்மன் கோயிலில் கரும்புத் தொட்டில் கட்டி, தாயும் தகப்பனும் கரும்பின் இரு முனையைத் தோளில் தாங்கி, நடுவே சேலைத் தூளியில் பிள்ளையைக் கிடத்திக் கோயிலைச் சுற்றி வருவார்கள். அது நேர்த்திக்கடன், சில நிமிடம், சுற்றிலும் சொந்தபந்தம்.

தூங்க வைப்பதையும் சுமப்பதையும் குழப்பிக்கொண்டதால் நேர்ந்த துயரம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பை போன்ற தோள்தூளி ஒன்று பரவலாக விற்றது. பச்சைக்குழந்தை அதற்குள் வில்லாக வளைந்து படுத்திருக்கும், தாய் அதை மாட்டிக்கொண்டு நடப்பாள். 2010 மார்ச்சில் அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விடுத்தது: முந்தைய 20 ஆண்டுகளில் தோள்தூளிகளோடு தொடர்புடைய குறைந்தது 14 இறப்புகள், அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் குறைந்தவர்கள். அதே மாதம் ஒரு நிறுவனம் பத்து லட்சம் பைகளைத் திரும்பப் பெற்றது. காரணம் இரண்டு. முகம் துணியிலோ தாயின் உடம்பிலோ அழுந்தினால் ஓரிரு நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும். உடம்பு வளைந்து முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கிக் காற்று குறைகிறது. குழந்தையால் அழக்கூட முடியாது. பக்கத்தில் இருக்கும் தாய்க்கு அது தூங்குவதாகத்தான் தெரியும்.

ஆகவே மூச்சு முட்டும் என்று பாட்டி சொன்னால் அதைத் தள்ளிவிடாதீர்கள். கட்டிச் சுமக்கும் குழந்தை நிமிர்ந்தே இருக்க வேண்டும். பிரிட்டனில் சொல்லிக்கொடுக்கும் விதிகளை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: இறுக்கமாகக் கட்டு, குனிந்தால் முகம் தெரியட்டும், தலை உச்சியில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் இருக்கட்டும், முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் நுழையட்டும், முதுகு சரியாமல் தாங்கு. வெயிலோ கண்ணேறோ எதற்குப் பயந்தாலும் முந்தானையால் முகத்தை மூடக் கூடாது. பால் குடிக்கும்போது துணியைத் தளர்த்தி இறக்கினால், குடித்து முடித்ததும் பழையபடி மேலே ஏற்றி நிமிர்த்திவிட வேண்டும். தூளி பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கைப்பிள்ளை எழுந்த பின் கட்டியபடியே விட்ட சேலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முறுக்கிச் சுற்றி விளையாடி, கழுத்து இறுகி இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. வேலை முடிந்ததும் தூளியை அவிழ்த்து மடித்து வைப்பது வீட்டுப் பழக்கமாக வேண்டும்.

உடம்போடு கட்டுவதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதற்கு மிக வலுவான சான்று, கேரியர் கம்பெனி எதுவும் இல்லாத இடத்தில் பிறந்தது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத் தாய்சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை. ஒன்றில் இரண்டு குழந்தை வைத்தார்கள், தொற்று பரவியது. டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்பில், தோலோடு தோல் ஒட்ட, நிமிர்த்திக் கட்டிவிடச் செய்தார். எக்டர் மார்ட்டினஸ் அதில் துணை நின்றார். கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் சொல்லப்படுவது அதுதான். குழந்தைக்குக் குல்லாவும் டயப்பரும் மட்டும், கால்கள் தவளை போல மடங்கி அகன்று, தலை ஒருபுறம் திரும்பி, மேலே ஒரு துணிக்கட்டு. உலகச் சுகாதார அமைப்பு இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. நம் நாட்டில் அது டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. குழந்தை தேறட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனேயே மார்பில் கட்டியவர்களிடையே, முதல் 28 நாட்களில் இறப்பு நூற்றுக்கு 12. காத்திருந்து கட்டியவர்களிடையே 15.7. அடுத்த ஆண்டே அதைப் பரிந்துரையாக்கினார்கள். ஒரு நாளில் 8 மணி முதல் 24 மணி நேரம் வரை கட்டலாம், தகப்பனோ பாட்டியோ கட்டலாம்.

இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 18 விழுக்காடு 2.5 கிலோவுக்குக் குறைந்த எடை. கடையில் விற்கும் பக்கிள் கேரியர்கள் பலவற்றில் குறைந்தபட்ச எடை 3.5 கிலோ என்று அச்சிட்டிருக்கும். நம் ஊரில் நன்றாகப் பிறந்த பிள்ளைக்கே முதல் மாதத்தில் அது பொருந்தாமல் போகலாம். பெட்டியில் 'பிறந்தது முதல்' என்று எழுதியிருப்பதை நம்பிவிடக் கூடாது. எடையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குறை எடையிலோ குறை மாதத்திலோ பிறந்தால் மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த கட்டு போதும், கேரியர் பிறகு ஆகட்டும்.

நலமாகப் பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளும் உண்டு. 1986இல் மான்ட்ரியலில் குழந்தையை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கிவைத்திருக்கச் சொன்ன தாய்மாரின் பிள்ளைகள், ஆறாவது வாரத்தில் 43 விழுக்காடு குறைவாக அழுதார்கள். ஏற்கெனவே மாலையானால் விடாமல் வீறிடும் குழந்தைகளுக்கு இது பலிக்கவில்லை என்று பின்னால் வந்த ஆய்வு சொன்னது. தூக்கியும் அழுகை நிற்கவில்லையே என்று மனம் குமைகிற தாய்க்கு இதைச் சொல்ல வேண்டும். தூக்கித் தூக்கியே கைச்சூடு பழகிவிட்டது என்று அவளைக் குறை சொல்வதும் சரியில்லை. முதல் மாதங்களில் தூக்கிவைத்திருப்பதால் பிள்ளை கெடுவதில்லை.

எந்த மாதத்தில் எந்த வகை என்பதற்கு மதுரையிலேயே ஒரு வரிசை கிடைக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடி, திருமலை நாயக்கர் காலத்தில் இங்கே அரங்கேறியது மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ். பிள்ளைத்தமிழின் பருவங்கள் குழந்தையின் உடம்பு வளரும் படிகளைப் பின்பற்றியவை. செங்கீரை ஐந்தாம் மாதம்: கையூன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி ஒன்பதாம் மாதம்: உட்கார்ந்து கைதட்டுவது. வருகை: ஓராண்டையொட்டி நடந்து வருவது. கேரியரும் இப்படித்தான் மாற வேண்டும்.

செங்கீரைக்கு முன், அதாவது கழுத்து நிற்காத வரை, ஒரே நிலைதான்: தாயின் மார்பைப் பார்த்து, நிமிர்ந்து, துணி பிடரி வரை ஏறி. இதற்கு நீளத் துணியைச் சுற்றிக் கட்டுவது சிறந்தது. எந்த அளவு குழந்தைக்கும் அது பொருந்தும், எங்கே தளர்ந்தாலும் அங்கே இறுக்கலாம். கழுத்து நின்றபின் பக்கிள் கேரியர் எளிது. உட்காரும் துணி ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்காலின் மடிப்பு வரை அகன்றிருக்கிறதா என்று பாருங்கள். கவட்டில் மட்டும் குறுகிய துண்டு இருந்து கால்கள் தொங்கும் மலிவுப் பைகள்தான் நம் கடைகளில் அதிகம் கண்ணில் படுகின்றன. நல்ல மூட்டுள்ள குழந்தை அதில் சற்று நேரம் இருந்தால் ஊனம் வந்துவிடாது. ஆனாலும் முதல் ஆறு மாதத்துக்கு நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைப்பதும் தலை நன்றாக நின்றபின், விழித்திருக்கும்போது, கொஞ்ச நேரம். தூங்கினால் உள்பக்கம் திருப்பிவிட வேண்டும்.

சப்பாணிப் பருவத்தில் முதுகுக்கு மாற்றலாம். துணையில்லாமல் உட்காரத் தெரிந்த பிள்ளைக்குத்தான் முதுகு. அதற்கு முன் முகம் தெரியாத இடத்தில் வைக்கக் கூடாது. நடக்கத் தொடங்கிய பிள்ளை இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். அதற்கு வளையத்தில் கோத்து ஒரு தோளில் மாட்டும் துணி கைக்கு உதவும்: பழைய இடுப்பு நிலையேதான், கை மட்டும் விடுதலை. தோளை அவ்வப்போது மாற்றிக்கொள்ள வேண்டும்.

நீளத் துணி என்றதும் வீட்டுச் சேலை நினைவுக்கு வரும். சேலையின் நீளம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். சுற்றிக் கட்டும் துணிக்கு இது தாராளம். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடி பருத்தி, காற்று புகுவது, வியர்வையை உறிஞ்சுவது. சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் பஞ்சு அடைத்த பட்டையும் மூன்றடுக்கு நைலானும் பிள்ளையின் முதுகை வேகவைத்துவிடும், எனவே பருத்திக்கே என் ஓட்டு. இருந்தாலும் இரண்டு எச்சரிக்கை. தூளிக்கு நைந்த சேலைதான் மெத்தென்று இருக்கும் என்று அதையே எடுக்கிறோம். நடமாடும்போது பாரம் குலுங்கும், நைந்த இழை கிழியும். திடமான நெசவாக, வெளிச்சத்தில் பிடித்தால் இழை விலகாததாக இருக்கட்டும். பாலியஸ்டர், சில்க் கலந்தது வேண்டாம், முடிச்சு நழுவும். கேரியரே வாங்கினாலும் ஒற்றை அடுக்குப் பருத்தி அல்லது முதுகில் வலை வைத்ததாக, முழுதாகத் துவைக்கக் கூடியதாக வாங்குங்கள். தூளியில் மூத்திரம் வடிந்து போய்விடும். பஞ்சில் ஊறி நாறும். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நடக்காமல் இருப்பதே மேல். இரண்டு உடம்பின் சூடு சேர்கிறது. பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பார்த்து, சூடாகவோ ஈரமாகவோ இருந்தால் அவிழ்த்துக் காற்றாட விட்டுப் பால் கொடுக்க வேண்டும்.

தாயின் உடம்பையும் பார்க்க வேண்டும்; வாங்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். கேரியரின் இடுப்புப் பட்டை தையல் மேலேயே வந்து உட்காரும். பச்சை உடம்புக்காரிக்கு அந்த வாரங்களில் பட்டையை மேலே ஏற்றி விலாவுக்குக் கீழ் கட்டலாம், இல்லையென்றால் பட்டையே இல்லாத துணிக்கட்டு. எப்போது பாரம் தூக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அதுவரை தகப்பனும் பாட்டியும் கட்டிக்கொள்ளட்டும். சேலை கட்டுகிறவர்கள் கொசுவத்துக்கு மேல் பட்டையை இறுக்கினால் அது சரிந்துகொண்டே இருக்கும்; இடுப்பெலும்பின் மேல் நேரடியாக அமர வேண்டும். தாலிச் சங்கிலியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை முதலில் கழற்றுங்கள். முந்தானையில் குத்திய ஊக்கையும் கண்ணாடி வளையலையும் அப்படியே. பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்தால் அது பட்டைக்கடியில் மாட்டி அழுத்தாமல் பக்கவாட்டில் தள்ளிவிட வேண்டும். கொலுசு துணியில் சிக்கும்.

இனி, இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வற்புறுத்த நினைப்பது. பிள்ளையைக் கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு பைக் ஓட்டுவதையும், பின்னிருக்கைத் தாய் கட்டிக்கொண்டு உட்கார்வதையும் காளவாசலிலும் கோரிப்பாளையத்திலும் எந்நேரமும் பார்க்கலாம். கையில் பிடிப்பதைவிட இது பத்திரம் என்று நினைத்துச் செய்கிறார்கள். ஓட்டுகிறவர் நெஞ்சில் கட்டிய குழந்தை, விழுந்தால் அவருக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே நசுங்கும். பின்னால் இருப்பது தாயோடு சேர்ந்து தூக்கியெறியப்படும். கேரியர் நடப்பவருக்காகத் தைத்தது, மோதலுக்காகச் சோதித்தது அல்ல. 2022 பிப்ரவரி 15இல் மத்திய மோட்டார் வாகன விதியில் சேர்க்கப்பட்டு, ஓராண்டுக்குப்பின் நடைமுறைக்கு வந்த திருத்தம், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மூன்றைக் கட்டாயமாக்குகிறது: ஓட்டுநரோடு இணைக்கும், 30 கிலோ தாங்கும் பாதுகாப்புக் கச்சை, ஒன்பது மாதம் முதல் பிள்ளை அளவுக்குத் தலைக்கவசம், 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம். இந்தக் கச்சையும் பேபி கேரியரும் ஒன்றல்ல. ஒன்பது மாதத்துக்குக் கீழ் விதி தலைக்கவசம் கேட்கவே இல்லை. அந்த வயதில் தலைக்கவசத்தின் பாரத்தைக் கழுத்து தாங்காது. ஆகவே கைப்பிள்ளைக்கு பைக் வேண்டாம். பஸ், ஷேர் ஆட்டோ, ஆட்டோ எதுவானாலும் சரி. காரிலும் கேரியர், குழந்தை இருக்கைக்கு மாற்றாகாது.

அடுப்படி: முன்னால் கட்டியிருக்கும்போது தோசைக்கல்லும் கொதிக்கும் எண்ணெயும் பிள்ளையின் கைக்கு எட்டும். காய் நறுக்கலாம், துணி மடிக்கலாம், அடுப்பு மட்டும் கூடாது. கீழே கிடப்பதை எடுக்க முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குந்த வேண்டும், ஒரு கை பிள்ளையின் தலையில். கோயில் கூட்டத்தில் முதுகில் கட்டாமல் முன்னால் கட்டுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வேளையில் வைகைக் கரைக்குக் கைப்பிள்ளையை எந்தக் கட்டிலும் கொண்டுபோக வேண்டாம். 2022 சித்திரைத் திருவிழாவில் அந்த நெரிசலில் இருவர் இறந்தார்கள். சுவாமியை வேறு ஒரு நாள் மண்டகப்படியில் நிதானமாகப் பார்க்கலாம்.

வாங்கும்போது தையலை இழுத்துப் பாருங்கள், பக்கிளைப் பத்துமுறை மாட்டிக் கழற்றுங்கள், எடை வரம்பைப் படியுங்கள். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கேரியர் பொம்மை அல்ல என்பதால் அந்தக் காவல் இதற்கு இல்லை. அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப் 2236, ஐரோப்பியத் தரமான இஎன் 13209 இவற்றில் ஒன்று சீட்டில் இருந்தால் நல்லது. அக்கா பிள்ளைக்கு வாங்கியது கைமாறி வந்தால் மறுக்க வேண்டியதில்லை. பட்டை வெளுத்து நைந்திருந்தால், பக்கிளில் விரிசல் இருந்தால் மட்டும் விட்டுவிடலாம். அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டையுள்ளதாகப் பார்த்தால் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒன்றே போதும். முதல் சில நாள் கட்டிலருகே நின்று, இன்னொருவர் கைத்தாங்கலோடு கட்டிப் பழகுங்கள்.

2015இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் பதினாறு பொருள்கள் இருந்தன: துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை, தாய்க்கு சௌபாக்ய சுண்டி லேகியம். சுமப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்படியொரு பெட்டகத்தில் திண்டுக்கல், மதுரை நெசவாளர் நெய்த நான்கரை மீட்டர் பருத்தித் துணி ஒன்றும், கட்டும் முறையைப் படமாக அச்சிட்ட தாள் ஒன்றும் சேர்க்கலாம். எடை பார்க்க அங்கன்வாடிக்கு வரும் நாளில் ஊழியர் அதைக் கட்டிக் காட்டலாம். தாய்க்குக் காட்டும்போது கூட வந்த தகப்பன் நெஞ்சிலும் ஒரு தடவை கட்டிவிட வேண்டும்.